சேணம் நுழையாத அடுப்பு

ஆல்பிக்குக் கோபம் வந்தால் கைக்கு எட்டினது எதுவோ அது நெருப்பில் போகும். அதுதான் அவன் வழக்கம். ரீட் மார்ஷ் என்கிற அந்த மலையூர்ப் பக்கத்தில் மற்ற ஆண்கள் கோபம் வந்தால் நாயை உதைப்பார்கள், கோடாரியை எடுத்துக்கொண்டு விறகுக் கொட்டகைக்குப் போவார்கள், இல்லாவிட்டால் மதுக்கடைக்குப் போய் ஒரு பல்லை விட்டுவிட்டு வருவார்கள். ஆல்பி உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே மாட்டான். மேசைக்கும் கணப்புக்கும் நடுவில் அவன் நாற்காலி. கையை நீட்டினால் மேசை, கையை வீசினால் நெருப்பு.

கணப்பு என்றதும் சின்னதாக நினைத்துவிடக் கூடாது. அவன் பெண்டாட்டி ஏவிஸின் அப்பன் மலையில் கல்லை உடைத்து மாட்டுவண்டியில் கொண்டுவந்து கட்டியது அது. ஒரு சுவர் முழுக்க அதுதான். ஆள் நீளத்துக்கு மரத்தை வெட்டி அப்படியே உள்ளே உருட்டிவிடலாம். இரண்டு பக்கமும் கல் இருக்கை உண்டு. பனி கொட்டுகிற நாளில் அதில் ஏறி உட்கார்ந்தால் நெருப்புக்குள்ளேயே குடியிருக்கிற மாதிரி இருக்கும். புகைபோக்கியின் உள்பக்கம் ஆல்பி வரிசையாக ஆணி அடித்து வைத்திருந்தான். குளிர்காலத்தில் அவனுக்குத் தொழில் கண்ணி வைப்பது. கண்ணியில் கழுத்து மாட்டிச் செத்த பொசம் என்கிற மரப்பிராணி, வாலபி என்கிற குட்டைக் கங்காரு எல்லாவற்றையும் உரித்து, தோலைப் பலகையில் விரித்து அடித்து, அந்த ஆணிகளில்தான் தொங்கவிடுவான். கொழுப்பு சொட்டுச் சொட்டாக நெருப்பில் விழுந்து சீறும். வீட்டில் ரொட்டிகூட பொசம் வாடைதான் அடிக்கும்.

ஏவிஸ் அந்த வாடைக்குப் பழகிவிட்டாள். பழகாதது ஒன்றுதான். அவளுடையது எதுவும் அந்த வீட்டில் நிலைக்கவில்லை. தொப்பி போயிற்று. சந்தையில் அவள் குதிரை ஓட்டி வாங்கின பரிசுநாடா போயிற்று. அவளுடைய அம்மாவின் நாற்காலி ஒவ்வொரு காலாகப் போயிற்று. பிறந்து அழாமலே போன பிள்ளைக்காகச் செய்துவைத்த தொட்டிலும் போயிற்று. அதை எரித்த அன்றைக்கு அவனும் அழுதான். அழுதுகொண்டேதான் எரித்தான். அழுதால் மட்டும் என்ன, எரிந்தது எரிந்ததுதான்.

இதையெல்லாம் அவள் பொறுத்தாள். சேணத்தை எரித்ததைத்தான் பொறுக்கவில்லை.

ஏவிஸ் யார் என்று தெரிந்தால்தான் இது விளங்கும். வசந்தத்தில் கிராண்ட்லி பண்ணை ஆடுகளை மேட்டுநிலத்து ஏரிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போவார்கள், இலையுதிர்காலத்தில் பனி விழும் முன்னே கீழே இறக்குவார்கள். பாறையும் சேறும் நிறைந்த வழி. குதிரை கால் வைக்கத் தயங்குகிற இடத்திலெல்லாம் ஏவிஸ் சீட்டி அடித்துக்கொண்டு போவாள். அவள் முன்னால் போனால் ஆடு பின்னால் போகும், அவ்வளவுதான். வீட்டில் அவள் வாயைத் திறந்தால் சண்டை, மலையில் அவள் வாயைத் திறந்தால் ஆயிரம் ஆடு திரும்பும். வருஷத்தில் அந்த இரண்டு ஓட்டத்துக்காகத்தான் அவள் மிச்ச நாளெல்லாம் உயிரோடு இருந்தாள் என்று நான் சொல்வேன். இல்லை என்கிறவர்கள் அவளை அந்தக் குதிரைமேல் பார்த்ததில்லை.

ஒரு முறை அவள் ஓட்டம் முடிந்து சேறும் சிரிப்புமாக வீட்டுக்கு வந்தாள். அதற்கு முன்பே மதுக்கடையில் எவனோ ஒருவன் ஆல்பியைச் சீண்டிவிட்டிருந்தான். உன் பெண்டாட்டி இல்லாவிட்டால் ஆடு இறங்காதாமே, நீ எதற்கடா அந்த வீட்டில், சோறு தின்னவா என்று.

"எவன்கூடடி இத்தனை நாள் மலையில?" என்றான் ஆல்பி.

"ஆயிரம் ஆட்டுக்கூட. வேணும்னா ஒவ்வொண்ணாக் கூப்பிட்டு விசாரி."

அவள் தோளிலிருந்து சேணத்தைப் பிடுங்கினான். அவள் அப்பனின் சேணம் அது. வார்களைக் கத்தியால் அறுத்தான், நெருப்பில் தூக்கிப் போட்டான். அவள் கையை உள்ளே விட்டாள். அவன் அவள் பின்கழுத்தைப் பிடித்து நெருப்புக்கு முன்னால் அழுத்தி, "பாரு, நல்லாப் பாரு" என்றான். தோல் சுருண்டு கீச்சிட்டது. உள்ளே அடைத்திருந்த குதிரைமயிர் பொசுங்கி வீடே நாறியது. அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, பழுக்க ஆரம்பித்த, சேணத்தில் காலை மாட்டுகிற இரும்புக் கால்வளையத்தைக் கையாலேயே இழுத்து எடுத்து, திரும்பி, அவன் காதின்மேல் அடித்தாள். காது இரண்டாகப் பிளந்தது. அந்தக் காது கடைசிவரை சேரவில்லை. அவள் உள்ளங்கையில் கால்வளையத்தின் வளைவு கடைசிவரை அழியவில்லை.

அடுத்த ஓட்டத்துக்குச் சேணம் இல்லாமல் குதிரை முதுகில் சாக்கைக் கட்டிக்கொண்டு போனாள். சரிவில் குதிரை வழுக்கி, பாறையில் விழுந்து விலா எலும்பை உடைத்துக்கொண்டாள். கூட வந்த ஆண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து, "சேணத்தோட வா, ஏவ். இல்லேன்னா வராதே. உன்னைப் புதைக்க மலையில மண்ணு இல்ல, வெறும் கல்லு" என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் கிராண்ட்லி பண்ணையின் விதவை, செத்துப்போன தன் புருஷனுடைய சேணத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள். பெரிய சேணம். முன்பக்கம் உயர்ந்து, முழங்காலுக்குத் திண்டு வைத்து, பின்பக்கம் நாற்காலி மாதிரி ஏந்திக்கொள்ளும். "இதைக் கருக விட்டுடாதே. இன்னொண்ணு என்கிட்ட இல்ல. யார்கிட்டயும் இல்ல" என்றாள் அந்த அம்மாள்.

ஆல்பி அதைப் பார்த்துச் சிரித்தான். "எத்தனை நாளைக்குடி?" என்றான்.

அவள் அதைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். பால் கறக்கப் போகும்போது தூக்கிக்கொண்டு போனாள். கழிப்பறைக்குக்கூடத் தூக்கிக்கொண்டு போனாள், அக்கம்பக்கம் சிரித்தது. குளிர்காலம் வந்தது. ஆல்பி மலைமேல் இருந்த தன் கண்ணிக் குடிசைக்குப் போனான். அவன் அந்தப் பக்கம் போனதும் அவள் தபால் வண்டியில் சேணத்தோடு ஏறி, அணை கட்டுகிறவர்களின் பட்டறையில் வெல்டிங் வேலை செய்துகொண்டிருந்த தம்பி கெல்லிடம் போய் இறங்கினாள்.

"என்ன ஏவ், குதிரையை எங்க விட்ட?" என்றான் கெல்.

"அளவெடுக்கக் கொண்டாந்தேன்."

"சேணத்துக்கா?"

"அடுப்புக்கு. இரும்புல ஒரு பெட்டி அடுப்பு பண்ணிக் குடு. கதவு வச்சது. கணப்பை அடைச்சிட்டு அதை வைக்கப் போறேன். கதவு இந்தச் சேணத்தைவிடச் சின்னதா இருக்கணும்."

கெல் முகமூடியைத் தூக்கி அவளைப் பார்த்தான். "நீ அந்த வீட்டை விட்டு வந்துட்டா அடுப்பும் வேணாம், கதவும் வேணாம்."

"வீடு நம்ம அப்பன் கட்டுனது. போறதுன்னா அவன் போகட்டும்."

"சரி, அடுப்புல போகலேன்னா வாசல்ல போட்டுக் கொளுத்த மாட்டானா?"

"மாட்டான். அவன் கோபத்துக்குக் கால் கிடையாதுடா. நாற்காலியில இருந்து நெருப்பு வரைக்கும்தான் அது போகும். எழுந்திருக்கணும், பூட்ஸ் மாட்டணும், கதவைத் திறக்கணும், மழையில மண்ணெண்ணெயத் தேடணும்னா அதுக்குள்ள அது செத்துரும். இத்தனை வருஷம் பாத்திருக்கேன். நெருப்போட வாயைச் சின்னதாக்கு, போதும்."

"கல்யாணத்துக்கு முன்னாடியே அவன் வேணாம்னு சொன்னேன்."

"நீ சொன்னது அவன் பல்லு கோணல்னு."

கெல் அட்டையில் ஒரு ஓட்டை வெட்டிப் பிடித்தான். ஏவிஸ் சேணத்தைப் பக்கவாட்டில் திருப்பி உள்ளே தள்ளினாள். போயிற்று. "சின்னதாக்கு" என்றாள். அவன் வேறு வெட்டினான். தலைகீழாகப் பிடித்து முழங்காலால் இடித்தாள். அதுவும் போயிற்று. பட்டறை ஆட்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஒருவன் முன்பக்கமாகத் தள்ளு என்றான், ஒருவன் மடக்கித் தள்ளு என்றான். சேணத்தைக் கொளுத்துவதற்கு இத்தனை ஆண்களுக்கு வழி தெரியும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இதுக்கு மேல சின்னதாக்குனா பூனைகூட உள்ள போகாது" என்றான் கெல்.

"பூனை எதுக்குடா உள்ள போகணும்?"

"விறகு போகணுமே!"

"அதை நான் வெட்டிக்கிறேன்."

அணையில் மிச்சமான கனத்த இரும்புத் தகட்டில் கெல் அந்த அடுப்பை ஒட்டினான். நான்கு குட்டைக் கால், ஒரு கதவு, கதவுக்குக் கீழே காற்றுக்கு ஒரு திருகு, மேலே புகைக்குழாய். பன்றிக்குட்டி மாதிரி இருந்தது. வண்டியில் ஏற்ற நான்கு பேர் வேண்டியிருந்தது. இறக்கும்போது ஏவிஸின் பெண்குதிரையைக் கட்டி, உருளைக்கட்டைமேல் இழுத்து வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள்.

பிறகு சம்மட்டியை எடுத்தார்கள். முதல் அடியை கெல் அடிக்கப் போனான். ஏவிஸ் பிடுங்கிக்கொண்டாள். முதலில் புகைபோக்கிக்குள் கையை விட்டு, அரைகுறையாக உலர்ந்த தோல்களைப் பலகையோடு பிய்த்து வாசலுக்கு எறிந்தாள். நாய்கள் பாய்ந்து கிழித்தன. பிறகு கல் இருக்கையில் சம்மட்டி விழுந்தது. அவள் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பெயர் சொன்னாள். "தொப்பி" என்று ஒரு அடி. "நாடா" என்று ஒரு அடி. "அம்மா நாற்காலி" என்று ஒரு அடி. "தொட்டில்" என்று அடித்தபோது மேல்கல்லே விரிசல்விட்டு, எத்தனையோ காலத்துக் கரி மொத்தமும் இறங்கி இரண்டு பேரையும் மூடிவிட்டது. கெல் இருமிக்கொண்டே, "எனக்கும் ஒரு அடி மிச்சம் வை, ஏவ்" என்றான். அவள் வைக்கவில்லை. அப்பன் கட்டினதை உடைக்கிறோமே என்று அழுதாளா என்று பின்னால் கேட்டவர்கள் உண்டு. அழவில்லை. அப்பன் இருந்திருந்தால் அவரே சம்மட்டியைத் தூக்கியிருப்பார்.

உடைத்த கல்லையே வைத்துக் கணப்பின் வாயைக் கட்டி அடைத்தார்கள். அடுப்பை நடுவில் நிறுத்தி, குழாயைப் புகைபோக்கி வழியே கூரைக்கு மேலே ஏற்றினார்கள். முதல் நெருப்பைப் போட்டார்கள். இரும்பு சூடேறி, அந்த வீட்டில் முதல் தடவையாக மூலையில்கூடக் குளிர் இல்லாமல் போயிற்று. ஏவிஸ் வாலபிக் கறியை அரைத்து உருட்டித் தட்டி அடுப்பின் தலைமேலேயே சுட்டாள். இரண்டு பேரும் கரி மூஞ்சியோடு அதைத் தின்றுகொண்டிருக்கும்போது கதவு திறந்தது.

பனி அதிகம் விழுந்ததால் ஆல்பி வழக்கமான நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டான். முதுகில் தோல் மூட்டை. வாசலில் கிழிந்து கிடந்த தோல்களை மிதித்துக்கொண்டு வந்திருந்தான். அடைத்த சுவரைப் பார்த்தான். தன் நாற்காலியைப் பார்த்தான். அதில் கெல் உட்கார்ந்திருந்தான்.

"வா மச்சான், கறி சூடா இருக்கு" என்றான் கெல்.

ஆல்பி மூட்டையைக் கீழே வைக்கவில்லை. மூட்டையாலேயே அவனை அடித்தான். கெல் நாற்காலியோடு மல்லாந்து விழுந்தான். எழுந்திருக்கும் முன்னே அவன் வாயில் பூட்ஸ் விழுந்தது. கெல் அந்தக் காலைப் பிடித்துத் திருகி அவனையும் தரையில் சாய்த்தான். இரண்டு பேரும் கரியிலும் கறியிலும் புரண்டார்கள். ஆல்பி விரலை அவன் கண்ணில் வைத்தான், கெல் அந்த விரலைக் கடித்தான். ஏவிஸ் கரி அள்ளுகிற மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து ஆல்பியின் முதுகில் இறக்கினாள். அவன் மூச்சுவிட முடியாமல் நிமிர்ந்தபோது, கண்ணெதிரே சேணம்.

அதைத் தூக்கினான். அடுப்புக் கதவை உதைத்துத் திறந்தான். முன்பக்கமாகத் தள்ளினான், முட்டியது. பின்பக்கமாகத் தள்ளினான், முட்டியது. பக்கவாட்டில் திருப்பிக் காலால் உதைத்தான். கொதிக்கிற இரும்பில் முழங்கை பட்டுத் தோல் ஒட்டிக்கொண்டது. ஊளையிட்டுக்கொண்டே மறுபடி தள்ளினான். பட்டறையில் அத்தனை பேர் சொன்ன வழியெல்லாம் அவன் தானாகவே கண்டுபிடித்துத் தள்ளிப் பார்த்தான். சேணத்தின் ஓரம் கொஞ்சம் கருகினது, அவ்வளவுதான். உடைந்த பல்லைத் துப்பிக்கொண்டு தரையில் கிடந்த கெல் சிரிக்க ஆரம்பித்தான்.

"மடக்கித் தள்ளு மச்சான்! பட்டறையில ஒருத்தன் அப்படித்தான் சொன்னான்!"

ஆல்பி சேணத்தைக் கீழே போட்டுவிட்டு, கதவுக்குப் பின்னாலிருந்து கோடாரியை எடுத்தான். திரும்பிப் பார்த்தால், சேணத்தைத் தரையில் வைத்து அதன்மேல் ஏவிஸ் ஏறி உட்கார்ந்திருந்தாள், குதிரைமேல் உட்கார்கிற மாதிரி, கால் இரண்டையும் அகட்டி.

"வெட்டு" என்றாள்.

"எழுந்திருடி."

"உக்காந்தா எழுந்திருக்கிற ஜாதி இல்ல நான். வெட்டு."

கோடாரி அவள் காலுக்குப் பக்கத்தில் தரைப் பலகையில் இறங்கிற்று. இன்னொரு தடவை, இந்தப் பக்கம். பலகை பிளந்து சில்லு அவள் கன்னத்தில் குத்தி ரத்தம் வந்தது. அவள் கண்ணைச் சிமிட்டவில்லை. மூன்றாவது தடவை அவன் அடுப்பின்மேல் வெட்டினான். கோடாரியின் வாய் பெயர்ந்து அவன் மணிக்கட்டு பிசகிற்று. அத்தோடு அவன் கோபம் செத்தது. அவள் சொன்ன மாதிரியேதான். நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்து, "கறி இருக்கா?" என்றான்.

அப்படி அந்தக் குளிர்காலம் போயிற்று. அவன் அடிக்காமல் இல்லை. அவள் திருப்பி அடிக்காமலும் இல்லை. ஆனால் கையில் எடுத்ததை வீச இடம் இல்லாமல் ஆல்பி தவித்தான். தட்டை எடுப்பான், அடுப்பைப் பார்ப்பான், மூடின கதவைப் பார்ப்பான், திரும்ப மேசையில் வைத்துவிடுவான். அதனால் அவனுக்கு அந்த அடுப்பின்மேல் இருந்த வெறுப்பு, மனிதன் மனிதன்மேல் வைக்கிற வெறுப்பாகிவிட்டது. அதைப் பெயர் சொல்லித் திட்டுவான். கெல் என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருந்தான். சின்னதாக வெட்டின காய்ந்த விறகைப் போடு என்று ஏவிஸ் சொன்னால், அவன் மழையில் நனைந்த பச்சை விறகைத் திணித்து, காற்றுத் திருகை இறுக மூடிவிட்டுப் படுத்துவிடுவான். திறந்த நெருப்பு எதையும் தின்னும். மூடின அடுப்பு அப்படி இல்லை. பச்சை விறகின் புகை மேலே ஏறாமல் குழாயில் தாராகப் படிந்துகொண்டே வந்தது. குளிர் முடிகிற சமயத்தில் அடுப்பு மூச்சுத் திணறி, புகையை வீட்டுக்குள்ளேயே கக்க ஆரம்பித்தது.

வசந்தத்தில் ஆடு ஏறுகிற நாள் வந்தது. விடிந்ததும் கிராண்ட்லி பண்ணை வாசலில் ஆட்கள் குதிரையோடு கூடிவிட்டார்கள். ஏவிஸ் சேணத்தை எடுத்துக் கதவோரம் வைத்துவிட்டு, பெண்குதிரையைப் பிடிக்க மேய்ச்சலுக்குப் போனாள். வீட்டுக்குள் ஆல்பி புகையில் இருமிக்கொண்டு எழுந்தான்.

அந்த மேட்டுநிலத்தில் புகைபோக்கி அடைத்தால் யாரும் துடைப்பத்தைத் தேட மாட்டார்கள். துப்பாக்கியை எடுப்பார்கள். கணப்புக்குள் தலையைக் குனிந்து நின்று, குழலை மேலே நீட்டி ஒரு வெடி. கரியெல்லாம் பொலபொலவென்று உதிரும், காக்கைக்கூடு இருந்தால் அதுவும் உதிரும், வேலை முடிந்தது. ஆல்பியின் அப்பனும் அப்படித்தான், ஏவிஸின் அப்பனும் அப்படித்தான். அதில் தப்பு ஒன்றும் இல்லை, மேலே வானம் தெரிகிற புகைபோக்கியாக இருந்தால்.

கெல் ஒட்டின அடுப்பில் வானம் தெரியாது. நெருப்பு நேரே குழாயில் ஓடிப்போகாமல் சுற்றிப்போவதற்காக உள்ளே, தலைக்கு மேலே, கனத்த தகடு ஒன்றைச் சாய்வாக வைத்து ஒட்டியிருந்தான். நாற்காலியில் உட்கார்ந்து அடிவாங்கின அன்றைக்கே கெல் அதை ஆல்பிக்குச் சொல்லியும் இருந்தான். ஆல்பி அப்போது கறி தின்றுகொண்டிருந்தான்.

அவன் மண்டியிட்டான். சின்னக் கதவு அது. இரட்டைக்குழல் துப்பாக்கியை அதற்குள் நுழைத்து மேலே சாய்க்க வேண்டுமானால், கன்னத்தைத் தரையோடு வைத்து, இடது கையைக் கதவோரமே பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தான். "செத்துப்போ கெல்" என்று சொல்லி, இரண்டு விசையையும் ஒன்றாக இழுத்தான்.

ரவையெல்லாம் தகட்டில் மோதி, வந்த வழியே திரும்பிற்று.

ஏவிஸ் மேய்ச்சலில் கேட்டது வெடிச்சத்தம் மாதிரி இல்லை, வீடு ஒரு தடவை இருமின மாதிரி இருந்தது. ஓடிவந்தாள். உள்ளே இருட்டு. குழாய் மூட்டு விட்டுப் பெயர்ந்து ஆடிக்கொண்டிருந்தது, அதிலிருந்து எரிகிற தார் சொட்டுச் சொட்டாகப் பலகைத் தரையில் விழுந்து பற்றிக்கொண்டிருந்தது. ஆல்பி குப்புறக் கிடந்தான். இடது கையில் இரண்டு விரல் இருந்த இடத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. முகத்தில் ஒரு பாதி சல்லடை. ஒரு கண் இல்லை.

அவள் முதலில் சேணத்தை வாசலுக்கு எறிந்தாள், பிறகுதான் அவனை இழுத்தாள். அந்தப் பக்கத்து ஜனங்கள் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். சேணம் கதவோரம் இருந்தது, அவன் அடுப்போரம் இருந்தான். வழியில் முதலில் இருந்ததைத்தானே முதலில் எடுக்க முடியும்? கண் இருக்கிற யாருக்கும் இது விளங்கும்.

அவன் அக்குளுக்குள் கையைக் கொடுத்து இழுத்து வாசல் சேற்றில் போட்டாள். திரும்பிப் போய் ஈரச் சாக்கால் தரையை அடித்து அடித்து நெருப்பைக் கொன்றாள். குதிரைத் தொட்டித் தண்ணீரை வாளி வாளியாகக் குழாயில் வீசினாள். இரும்பு வீறிட்டது. வெளியே வந்து கழுத்துத் துணியை அவிழ்த்து அவன் மணிக்கட்டை இறுக்கிக் கட்டினாள், பல்லால் முடிச்சுப் போட்டாள். அதற்குள் புகையைப் பார்த்துப் பண்ணை வாசலில் நின்ற ஆண்கள் குதிரைகளை விரட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் திரும்பி ஓடி லாரியைக் கொண்டுவந்தான். ஆல்பியைப் பின்னால் ஏற்றி வைக்கோல்மேல் படுக்கவைத்தார்கள்.

"ஏவ்" என்றான் ஆல்பி. மிச்சமிருந்த கண் அவளைத் தேடிற்று. "கூட வா, ஏவ்."

ஏவிஸ் சேணத்தைத் தூக்கிப் பெண்குதிரையின் முதுகில் போட்டாள். வாரை மாட்ட இரண்டு தடவை முயன்றாள்.

"ஆடு நிக்குது" என்றாள்.

"நான் செத்துருவேன்டி."

"செத்தா சொல்லியனுப்பு. இறங்கும்போது வரேன்."

லாரி கீழே போயிற்று. அவள் மேலே போனாள். முகத்தில் கரி, சட்டையில் அவன் ரத்தம், கன்னத்தில் கண்ணீர் கோடு போட்டிருந்தது என்று கூடப் போனவர்களில் ஒருவன் சொன்னான். புகை பட்டால் யாருக்கும் கண்ணீர் வரும். ஏரிப் பக்கம் சேருகிறவரை அவள் சீட்டி மட்டும் அடித்தாள். ஒரு ஆடுகூடத் தவறவில்லை.

ஆல்பி சாகவில்லை. அப்படிப்பட்டவர்கள் லேசில் சாக மாட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒற்றைக் கண்ணோடு வெளியே வந்து ரீட் மார்ஷ் போகிற வண்டியில் ஏறினான். ஏவிஸ் வேலி வாசலில் குதிரைமேல் நின்றாள். அவனுடைய மூட்டையும் நாற்காலியும் வேலிக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தன.

"என்னடி இது?"

"உன் கண்ணிக் குடிசையில கணப்பு பெரிசு. அங்க போயி இரு. எதை வேணும்னாலும் எரி. அங்க இருக்கிறதெல்லாம் உன்னோடதுதான்."

"நான் உன் புருஷன்."

"இல்லைன்னு யாரு சொன்னா? அங்க இருந்துக்கிட்டே புருஷனா இரு."

அவன் வேலியை உதைத்தான். கல்லை எடுத்து எறிந்தான். ஒற்றைக் கண்ணுக்குக் குறி தப்பி அது குதிரையின் காலடியில் விழுந்தது. குதிரை மிரண்டு இரண்டு காலில் எழுந்தது. அவள் அசையவில்லை. அந்தச் சேணம் நாற்காலி மாதிரி ஏந்துகிற சேணம் என்று முன்பே சொன்னேன். குதிரை இறங்கினதும், அவள் ஆடு ஓட்டுகிற கழியின் நுனியால் மலைப்பாதையைக் காட்டினாள். அவன் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அவளை அசிங்கமாகத் திட்டிக்கொண்டே ஏறினான். திட்டு வெகுதூரம் கேட்டது.

அவனைப் பட்டினி போட அவளுக்கு மனம் இல்லை. ஞாயிறுதோறும் சுட்ட ரொட்டியும் வேகவைத்த ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் சாக்கில் கட்டிக்கொண்டு குடிசைக்குப் போவாள். குதிரையைவிட்டு இறங்க மாட்டாள். சாக்கை வாசலில் வீசுவாள். ஆல்பி உள்ளேயிருந்து வருவான். வயது ஏற ஏற அவன் கத்துவது குறைந்தது, கெஞ்சுவது கூடினது. பின்னால் கணப்பில் நெருப்பு பெரிதாக எரியும்.

"இறங்குடி. ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ. இனிமே என்னடி செய்யப்போறேன் நான்? ஒரு கண்ணு, ஒரு கையில மூணு விரலு."

"அந்த மூணு விரலும் சேணத்தைத் தூக்கப் போதும்" என்பாள் ஏவிஸ். "தேத்தண்ணிய இங்க குடு."

அவன் தகரக் குவளையை நிரப்பிக்கொண்டு வந்து, கையை உயர்த்தி நீட்டுவான். அவள் மேலே உட்கார்ந்தபடியே ஊதி ஊதிக் குடிப்பாள். அவன் குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஆடு எப்படி இருக்கிறது, பனி எப்போது விழும் என்று கேட்பான். அவள் பதில் சொல்வாள். சில நாள் இரண்டு பேரும் சிரிப்பதுகூட உண்டு. குவளை காலியானதும் சக்கையைப் புல்லில் கொட்டி, குவளையைக் குனியாமல் அவன் கையில் போட்டுவிட்டு, குதிரையைத் திருப்புவாள்.